ஒன்பது படங்களும் ஒரு றப்பர் முத்திரையும்

வடமராட்சி கிழக்கிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார். ஊர் விளையாட்டுக் கழகத்தின் செயலாளர். கடிதம் நீளம் என்பதால் சுருக்கித் தருகிறேன். கழகத்தின் முழுப்பெயரையும் விட்டுவிடுகிறேன். ‘உதய’ என்று தொடங்கும் பெயர் என்பது மட்டும் தெரிந்தால் போதும்.

“அண்ணை, எங்கள் கழகம் 1976இல் தொடங்கியது. ஐம்பதாவது ஆண்டுக்குப் புது இலச்சினை செய்வது என்று நிர்வாகசபை தீர்மானித்தது. எல்லாரிடமும் கருத்துக் கேட்டோம். பனை, யாழ், கரப்பந்து, உதைபந்து, கிரிக்கெட் மட்டை, புத்தகம், குத்துவிளக்கு, கைகுலுக்கும் இரண்டு கைகள், உதயசூரியன் எல்லாம் வரவேண்டும் என்கிறார்கள். லண்டனில் இருக்கும் பழைய தலைவர் ஒலிம்பிக் வளையங்களும் வேண்டுமாம். கனடாவிலிருந்து ஒருவர் ஏஐயில் செய்து அனுப்பினார். பார்க்க வடிவுதான், ஆனால் கழகத்தின் பெயரே பிழை. டிசைன் கடையில் 25,000 ரூபாய் கேட்கிறார்கள். நைக் கம்பனிச் சின்னத்துக்கே 35 டொலர்தான் கொடுத்தார்களாம் என்று ஒருவர் வட்ஸ்அப் குழுவில் போட, இரண்டு நாள் சண்டை. என்ன செய்யலாம்? இன்னொன்று, அக்கா வீட்டில் மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் செய்து விற்கிறா. அவவுக்கும் ஓர் இலச்சினை வேண்டும். இரண்டையும் ஒரே ஆளிடம் கொடுக்கலாமா?”

தம்பி, உங்கள் பட்டியலைப் பார்த்து நான் சிரிக்கவில்லை. கழகம், சனசமூக நிலையம், முன்பள்ளி, கூட்டுறவுச் சங்கம் என்று யார் வந்தாலும் ஏறக்குறைய இதே பட்டியலோடுதான் வருகிறார்கள். சிலர் உலக உருண்டையும் சேர்ப்பார்கள். உங்களிடம் அது இல்லை என்பதே பெரிய ஆறுதல்.

முதலில் ஒரு வேலை செய்யுங்கள். கழகத்தின் றப்பர் முத்திரையை எடுத்து ஒரு வெள்ளைத்தாளில் குத்துங்கள். அடிமட்டத்தை வைத்து அளந்து பாருங்கள். வட்ட முத்திரை என்றால் குறுக்களவு நாலு சென்ரிமீற்றர் அளவில் இருக்கும். சுற்றிவரக் கழகத்தின் பெயர், ஊர், பதிவிலக்கம் என்று ஒரு வளையம் போய்விடும். நடுவில் மிஞ்சுவது இரண்டு சென்ரிமீற்றர். அதற்குள் ஒன்பது படம் வைத்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மிளகளவு இடம் வரும். மை கொஞ்சம் கூடினால் பனையும் விளக்கும் ஒரே கறுப்புப் பொட்டு.

பதாகையில் பத்தடிக்குப் போட்டுக் காட்டினால் எந்த இலச்சினையும் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் இலச்சினை உண்மையில் வாழப்போவது பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதத்தில், வங்கிப் படிவத்தில், வெற்றிக்கிண்ணத்தின் அடியில் ஒட்டும் சின்னத் தகட்டில், வட்ஸ்அப்பின் குட்டி வட்டத்தில். அங்கே பிழைத்தால் பதாகையில் தானாகப் பிழைக்கும்.

நான் தொழில் பழகியது தொண்ணூறுகளில், மின்சாரம் இல்லாத யாழ்ப்பாணத்தில். பெயர்ப்பலகை எழுதுவதுதான் வேலை. பொருளாதாரத் தடையில் பெயின்ற் கிடைப்பதே பெரும்பாடு. கடைக்காரர் ஒருவர் வந்து பெயரோடு மூன்று படமும் வேண்டும் என்றால், எனக்குத் தொழில் சொல்லித்தந்தவர் முகத்தை நிமிர்த்தாமலே கேட்பார்: “எத்தினை படத்துக்குப் பெயின்ற் கொண்டுவந்தனீர்?” ஒன்றுக்குத்தான் காணும் என்றதும் அந்த மனுசன் தன் மூன்று படத்தில் எது முக்கியம் என்று தானே யோசித்துச் சொல்லிவிடுவார். இன்றைக்கு நிறம் பஞ்சமில்லை. அதனால் அந்தக் கேள்வியைக் கேட்க ஆளில்லாமல் போய்விட்டது. நான் கேட்கிறேன்: உங்கள் பட்டியலில் ஒன்றுக்குத்தான் பெயின்ற் இருக்கிறது என்றால் எதை வைப்பீர்கள்?

எங்கள் அரசர்களுக்கே இது தெரிந்திருந்தது. யாழ்ப்பாண இராச்சியத்தின் சேது நாணயத்தைப் பாருங்கள். ஒரு பக்கத்தில் படுத்திருக்கும் நந்தி, அதன் கீழே ‘சேது’ என்ற எழுத்து. ஒரு மிருகம், ஒரு சொல். கட்டைவிரலால் மறைத்துவிடக்கூடிய செப்புக் காசு அது. பல நூற்றாண்டு தேய்ந்த பின்னும் கண்டவுடன் யாருடைய காசு என்று சொல்லிவிடலாம்.

வெளியிலிருந்தும் ஓர் உதாரணம். உலக வனவிலங்கு நிதியம் 1961இல் தொடங்கியபோது பாண்டாவைத் தேர்ந்ததற்கு ஒரு காரணம், அது கறுப்பு வெள்ளை மிருகம். அச்சடிக்கச் செலவு குறைவு. அழகும் அரிய மிருகம் என்ற இரக்கமும் இருந்தன, சரி, ஆனால் அச்சகக் கணக்கையும் பார்த்துத்தான் முடிவெடுத்தார்கள். ஐம்பது வருடக் கழகமும் அப்படிப் பார்ப்பதில் வெட்கமில்லை.

இனி உங்கள் பட்டியலில் சிலதை நானே வெட்டிவிடுகிறேன்.

ஒலிம்பிக் வளையங்கள் சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்குச் சொந்தமானவை. அதைப் பாதுகாக்கவென்றே 1981இல் நைரோபியில் ஓர் உடன்படிக்கை செய்தார்கள். எங்கள் பக்கத்தில் பல கழகங்கள் போட்டிருக்கின்றன என்று பழைய தலைவர் சொல்வார். போட்டிருக்கின்றனதான். ஒருவரும் கேட்கவில்லை என்பதால் அது உங்களுடையதாகிவிடாது. இதே பந்தியில் இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கழகங்கள் அடிக்கடி விடும் பிழை என்பதால். வல்லிபுர ஆழ்வார் கோயில் கடல் தீர்த்தம் போன்ற சனம் கூடும் இடங்களில் முதலுதவிக் கொட்டில் போடும்போது சட்டையில் செஞ்சிலுவை அடிக்காதீர்கள். அது ஜெனீவா உடன்படிக்கைகளால் பாதுகாக்கப்பட்ட சின்னம். முதலுதவிக்குப் பச்சைப் பின்னணியில் வெள்ளைச் சிலுவை இருக்கிறது, அதைப் போடலாம்.

அடுத்தது யாழ். ‘யாழ்ப்பாணம்’ என்றால் யாழ் என்று எல்லாருக்கும் வந்துவிடும், ஆனால் வரைந்து காட்டச் சொன்னால் பத்துப் பேரில் பெரும்பாலானோர் வீணையைத்தான் வரைவார்கள். யாழ் வில்லைப் போல வளைந்த கருவி. நரம்புகள் வெட்டவெளியில் இழுத்துக் கட்டியிருக்கும், ஒவ்வொரு நரம்புக்கும் ஒரு சுரம். வீணைக்குத் தண்டும் மெட்டும் குடமும் உண்டு. விபுலானந்த அடிகள் வருடக்கணக்காக ஆராய்ந்தது யாழை.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். பல வருடத்துக்கு முன் ஓர் இளைஞர் அமைப்புக்குச் சரியான யாழை வரைந்து கொடுத்தேன். “அண்ணை, இது யாழ் மாதிரி இல்லையே” என்றார்கள். வாதாட அலுத்து, அவர்கள் மனதிலிருந்த வடிவத்தையே வரைந்து கொடுத்துவிட்டேன். அடுத்த தேர்தல் வந்தபோது அந்தப் பொடியள் எங்கே போனாலும் ஒரே கேள்வி: “நீங்கள் ஈபிடிபியோ?” வீணை அந்தக் கட்சியின் தேர்தல் சின்னம். கட்சியில் குறையில்லை, பொடியளிலும் குறையில்லை. தெரிந்துகொண்டே கொடுத்த என்னில்தான் பிழை.

யாழ்ப்பாணத்தில் இலச்சினை செய்கிறவர் வாக்குச்சீட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் பென்சிலை எடுக்கவேண்டும். வீடு என்றால் தமிழரசுக் கட்சி. சைக்கிள் என்றால் தமிழ்க் காங்கிரஸ். திசைகாட்டி என்றால் தேசிய மக்கள் சக்தி. வீடு கட்டிக்கொடுக்கும் கம்பனிக்காரர் தன் பலகையில் வீடு போட முடியாமல் தவிப்பது வேறு எந்த ஊரில் நடக்குமோ தெரியாது, இங்கே நடக்கிறது. உங்கள் உதயசூரியனும் அப்படித்தான்: தமிழர் விடுதலைக் கூட்டணியின் சின்னம் அது. கழகத்தின் பெயரே ‘உதய’ என்று இருக்கும்போது உங்களுக்கு இது கொஞ்சம் அநியாயம்தான். நிறமும் இங்கே வெறும் நிறமாக இருப்பதில்லை. 2021இல் மாநகரசபை தன் பணியாளருக்குக் கொடுத்த சீருடை புலிகள் காலத்துக் காவல்துறையின் சீருடைபோல இருக்கிறது என்று மாநகர முதல்வரே கைதானார். நிறத்தைத் தீர்மானிக்கும் கூட்டத்தில் இதையும் ஒருவர் நினைவில் வைத்திருக்கட்டும்.

சரி, வெட்டிக்கொண்டே போனால் மிஞ்சுவது என்ன? உங்கள் பெயரின் முதல் எழுத்து.

தாளில் பெரிதாக ஓர் ‘உ’ எழுதிப் பாருங்கள். மேலே ஒரு சுழி, அது இறங்கி வந்து, அடியில் வலப்பக்கமாக நீளமாக ஓடும் ஒரு கோடு. அந்தக் கோட்டைக் கொஞ்சம் நீட்டினால் அதுவே உங்கள் கரையில் நின்று கிழக்கே பார்க்கும்போது தெரியும் கடல். கோட்டின் மேலே, வலப்பக்கம் சும்மா கிடக்கும் இடத்தில், ஒரு முழு வட்டம் வையுங்கள். கதிர் வேண்டாம், முகம் வேண்டாம். சூரியன் என்று நினைப்பவருக்குச் சூரியன். கரப்பந்து விளையாடுபவருக்குப் பந்து. உதைபந்துக்காரரும் கோபிக்கமாட்டார், ஏனென்றால் பந்தில் தையல் கோடு போடவில்லை. கதிர் இல்லாததால் கட்சிச் சின்னத்திலிருந்தும் விலகிவிடும்.

இதில் இரண்டு சிக்கல் உண்டு, மறைக்கவில்லை. தனி ‘உ’ என்றால் சைவ வீடுகளில் பிள்ளையார் சுழி. உங்கள் கழகத்தில் கத்தோலிக்கப் பொடியளும் விளையாடுவார்கள் என்று நினைக்கிறேன், கடற்கரை ஊர்களில் அது வழமை. அவர்களிடம் முதலே காட்டிக் கேளுங்கள். அவர்கள் முகம் கோணினால் இந்த யோசனையை விட்டுவிடுங்கள். இரண்டாவது, ஆங்கிலம் படிக்கும் பிள்ளைகள் அதை இரண்டாம் இலக்கம் என்று வாசிப்பார்கள். தமிழ் இலக்கத்திலும் அது இரண்டுதான் என்பது வேறு கதை! சுழியை நன்றாக உட்பக்கம் சுருட்டி, அடிக்கோட்டை அகலப்படுத்தினால் பெரும்பாலும் சரிவரும். கழகத்தைத் தெரியாத பத்துப் பேரிடம் ஒரு கணம் காட்டி, “என்ன கண்டீர்கள்?” என்று கேளுங்கள். “வடிவாக இருக்கிறதா?” என்று மட்டும் கேட்கவேண்டாம். யாழ்ப்பாணத்தில் முகத்துக்கு நேரே வடிவில்லை என்று யாரும் சொல்லமாட்டார்கள், பிறகு ஒழுங்கையில் நின்று சொல்வார்கள்.

1976ஐயும் மகுடவாக்கியத்தையும் இலச்சினைக்குள் திணிக்காமல் வெளியே எழுதுங்கள். ஐம்பதாம் ஆண்டு முடிந்த பிறகு அதைக் கழற்றிவிடலாம்.

ஏஐ பற்றி. அது தமிழ் எழுத்தை எழுத்தாக அறிந்து எழுதுவதில்லை, எழுத்தின் தோற்றத்தைப் படமாகத்தான் வரைகிறது. அதுதான் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாக நிற்கிறது. நாளுக்கு நாள் திருந்துகிறது என்றாலும், பெரும்பாலும் கிடைப்பது புள்ளிகளால் ஆன படம், பெரிதாக்கினால் உடையும். யோசனை எடுக்கப் பாவியுங்கள். கனடாக்காரர் மனம் நோகாமல், “உங்கள் படத்தைப் பார்த்துத்தான் இந்த யோசனை வந்தது” என்று சொல்லிவிடுங்கள்.

எழுத்துரு பற்றியும் ஒரு சொல். இங்கே கலியாண அழைப்பிதழிலிருந்து மரண அறிவித்தல் வரை ஆட்சி செய்வது பாமினி. பழைய பழக்கம், எனக்கும் கை அதில்தான் ஓடுகிறது. ஆனால் பாமினி, எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோட் முறையில் இல்லை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் கழகத்தின் பெயர் ஆங்கில எழுத்துக் குவியலாக மாறி நிற்கும். யூனிகோட்டில் இலவசமாகவும் திறந்த உரிமத்தோடும் நல்ல எழுத்துருக்கள் வந்துவிட்டன: முக்தா மலர், ஹிந்த் மதுரை, பலூ தம்பி. கடைசியாகச் சொன்னது தடித்த, உருண்டையான எழுத்து, ஜேர்சிக்கு நன்றாக எடுக்கும். எதைப் பாவித்தாலும், முடிவில் எழுத்தைக் கோட்டுருவாக, அதாவது எழுத்துரு இல்லாத கணினியிலும் மாறாத வடிவமாக, மாற்றித் தரச் சொல்லுங்கள். கோரல் ட்ரோவில் வேலை செய்கிறவருக்கு “கேர்வாக்கித் தாங்கோ” என்றால் விளங்கும். இல்லாவிட்டால் போட்டோசொப்பில் யாராவது திறக்கும்போது ‘கொ’வின் கொம்பு கழன்று வேறெங்காவது போய் நிற்கும், அப்படி அச்சடித்த பதாகைகளை நீங்களும் கண்டிருப்பீர்கள்.

நிறம் இரண்டுக்கு மேல் வேண்டாம். ஸ்கிரீன் பிறின்ட்டில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு தனிச் சட்டம், ஒவ்வொரு சட்டத்துக்கும் தனிக் காசு. வெப்பத்தால் மையைத் துணியில் ஏற்றும் சப்ளிமேசன் ஜேர்சியில் எத்தனை நிறமும் ஒரே விலைதான், ஆனால் அது பொலியெஸ்டர் துணிக்கு மட்டும். பருத்தி ரீசேட்டுக்கு ஆகாது. தொப்பியில் தைப்பதென்றால் ஒரு மில்லிமீற்றரிலும் மெல்லிய கோடும் அரைச் சென்ரிமீற்றரிலும் சிறிய எழுத்தும் நூலுக்குள் காணாமல் போய்விடும். தொலைபேசித் திரையில் மின்னும் அந்தப் பளிச்சென்ற பச்சை அச்சில் வராது. திரை ஒளியால் நிறம் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. அச்சகத்தோடு சண்டை போடாமல் மாதிரி ஒன்றை முதலே அடித்துப் பாருங்கள்.

இப்போது அந்த 35 டொலர். கதை உண்மைதான். 1971இல் கரோலின் டேவிட்சன் என்ற மாணவி, மணிக்கு இரண்டு டொலர் கணக்கில் வேலை செய்து 35 டொலர் வாங்கினார். குழுவில் போட்டவர் மிச்சக் கதையைப் போடவில்லை. நைக் நிறுவனர் பில் நைட்டுக்கு அந்தச் சின்னம் முதலில் பெரிதாகப் பிடிக்கவில்லை, நேரம் போய்விட்டதால் எடுத்துக்கொண்டார். 1983இல் கம்பனி டேவிட்சனை அழைத்துப் பங்குகளும் ஒரு மோதிரமும் கொடுத்தது. ஆகவே 35 டொலர் வாதம் வேண்டுமானால், கழகம் வளர்ந்தபின் டிசைன் செய்த பிள்ளைக்குப் பங்கு கொடுப்பதாகவும் எழுதித் தரச் சொல்லுங்கள்.

25,000 கூடவா குறைவா என்பது என்ன தருகிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒரே ஒரு ஜேபெக் படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு முடிந்தது என்றால் 5,000மே கூட. பெரிதாக்கினாலும் உடையாத வெக்டர் கோப்பு வேண்டும், எஸ்விஜியாகவோ பிடிஎவ்வாகவோ. தனிக் கறுப்பில் ஒன்று, இருண்ட துணிக்கு வெள்ளையில் ஒன்று. பெயர் பக்கத்தில் வரும் நீட்டு வடிவம் ஒன்று. திருத்தம் எத்தனை முறை என்று முதலே பேசிக்கொள்ளுங்கள். உரிமை கழகத்துக்கு மாற்றப்படுகிறது என்று ஒரு தாளில் கையொப்பமும் வாங்குங்கள். வாய்ப்பேச்சு போதாது, சட்டம் எழுத்தைத்தான் கேட்கும். கோப்புகளைச் செயலாளரின் தொலைபேசியில் மட்டும் வைக்காதீர்கள். செயலாளர் மாறும், தொலைபேசி கிணற்றுக்குள் விழும். பொதுவான ஒரு மின்னஞ்சலில் போட்டு வைத்தால் அடுத்த நிர்வாகசபைக்கும் கிடைக்கும்.

சண்டைக்கு மருந்து: மூன்று பேர் கொண்ட ஒரு சிறு குழு, அதில் ஒருவர் இப்போது விளையாடுகிற பொடியனோ பிள்ளையோ. பொதுக்கூட்டத்துக்கு இரண்டே இரண்டு வடிவம், இரண்டும் கறுப்பு வெள்ளையில். நிறத்தோடு காட்டினால் வடிவத்தைப் பார்க்காமல் நிறத்துக்காகவே கை தூக்குவார்கள். வெளிநாட்டுக் கிளைகளிடம் காசும் 1976ஆம் ஆண்டுப் படங்களும் கேளுங்கள். வாக்குக் கேட்டால் ஐந்து நேரவலயத்தில் விடிய விடியக் குறுஞ்செய்தி வரும்.

அக்காவின் விஷயம் வேறு. ஒரே ஆளிடம் கொடுக்கலாம், ஆனால் ஒரே விதமாகச் செய்யக்கூடாது. கழகத்தை ஊர் ஏற்கெனவே அறியும். அக்காவின் பை, கடைத் தட்டில் இருபது பையின் நடுவில் நிற்கப்போகிறது. அதனால் படத்தை விடப் பெயர்தான் அங்கே முக்கியம்.

பெயர் என்ன வைத்திருக்கிறா என்று நீங்கள் எழுதவில்லை. ‘யாழ்’ என்று தொடங்கி ‘மிளகாய்த்தூள்’ என்று முடியும் பெயராக இருந்தால் மாற்றச் சொல்லுங்கள். ஊர்ப்பெயரும் பொருளின் பெயரும் எல்லாருக்கும் பொது என்பதால் அவற்றை மட்டும் வைத்து வியாபாரக் குறியாக (ட்ரேட்மார்க்) பதிவது கடினம். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர் பதிந்திருக்கிறோம் என்று பலர் நிம்மதியாக இருக்கிறார்கள். அந்தப் பதிவு வேறு, வியாபாரக் குறிப் பதிவு வேறு. இரண்டாவது, 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் கொழும்பிலுள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்தில் செய்வது. ஒருமுறை பதிந்தால் பத்து வருடம், பிறகு புதுப்பிக்கலாம். கான்வா என்ற டிசைன் செயலியில் இருக்கும் ஆயத்தப் படத்தை எடுத்துச் செய்த இலச்சினையை அப்படிப் பதிய முடியாது. அதே மிளகாய்ப் படம் சுன்னாகத்திலும் இன்னொருவரின் பையில் இருக்கும்.

உங்கள் அம்மா இருக்கிறாவா? எழுதுவாவா? ஒரு கொப்பித் தாளில் தடித்த பேனையால் அந்தப் பெயரை அவவைக் கொண்டு ஒரு முப்பது தரம் எழுதுவியுங்கள். அதில் நல்லதொன்றைப் படம்பிடித்து டிசைன் கடைக்காரரிடம் கொடுத்துக் கோட்டுருவாக்கச் சொல்லுங்கள். பையில் வேறு படம் வேண்டாம். ஒளி ஊடுருவும் பைதானே, தூளின் சிவப்பு போதும். ஒடியல் மாவுக்கு அதே எழுத்து, ஸ்ரிக்கரின் நிறம் மட்டும் வேறு. ஸ்ரிக்கர் அடிக்கமுன் அந்த முப்பதில் இரண்டு மூன்றை எனக்கும் அனுப்புங்கள், எது நன்றாக எடுக்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.